பாக்கி இருந்த இடது கன்னம்

அவர் வைத்திருந்தது ஒற்றை நாற்காலிச் சவரக்கடை. கடை என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். உள்ளே நின்று கையை விரித்துக் கொட்டாவி விட்டால் இரண்டு சுவரும் இடிக்கும். ஒரு சுழல் நாற்காலி, அதன் வலது கைப்பிடியில் தோல் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். எதிரே பெரிய கண்ணாடி, அதன் கீழ்மூலையில் ரசம் போய்ப் பழுப்பேறிய ஒரு திட்டு. பக்கத்து ஆணியில் கத்தி தீட்டுகிற தோல் வார். காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடிக்குள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வாசல் கதவும் கொஞ்சம் தெருவும் தெரியும். அந்தக் கதவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய கடைக் கதவு என்று தெரியாமலே உலகத்தில் எத்தனையோ பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

தெருவில் அவருக்கு 'அரைச்சவரம்' என்று பெயர். வீட்டுக்காரிகூட கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆயிரக்கணக்கான முகங்களை முழுசாக வழித்து அனுப்பிய மனிதருக்கு, பாதியில் விட்ட ஒரே ஒரு முகத்தை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறது இந்தத் தெரு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனால் அவருக்கு அந்தப் பெயரில் வருத்தம் இருந்ததே இல்லை. அந்த ஒரு முகத்தைப் பாதியில் விட்டதால்தான் தன் வீட்டில் இரண்டு உயிர் நடமாடுகிறது என்று அவருக்குத் தெரியும். வருத்தமெல்லாம் வேறு இடத்தில் இருந்தது. பாக்கியை முடிக்க முடியவில்லையே என்பதில் இருந்தது.

நடந்தது இதுதான்.

அன்று விடியற்காலையில் அவருடைய மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதல் பிரசவம். "இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது, சாயங்காலம் ஆகும். நீங்க இங்க குறுக்கயும் நெடுக்கயும் நடந்து எங்களைப் படுத்தாதீங்க" என்று நர்ஸ் விரட்டிவிட்டாள். மைத்துனனைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கடைக்கு வந்தார். சும்மா இருந்தால் கை நடுங்கும், கத்தி பிடித்தால் நடுங்காது. அவர் உடம்பு அப்படி.

முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் ஓவியர். அப்போது அவரை யாரும் ஓவியர் என்றெல்லாம் மரியாதையாகச் சொன்னதில்லை. எதிர்மாடி அறையில் தனியாகக் குடியிருந்த ஒல்லி மனிதர், நகக்கண்ணில் எப்போதும் நீலமோ பச்சையோ ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நகங்களைக்கூடத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

"நல்லா மழமழன்னு வழிச்சு விடுங்க. முக்கியமான இடத்துக்குப் போகணும்."

"என்ன சார், பொண்ணு பாக்கவா?"

"அந்த அளவுக்கு எனக்கு தைரியம் இல்லைங்க" என்று ஓவியர் சிரித்தார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. முகத்தில் நுரை போட்ட பிறகு ஆளைப் பேச வைத்தால் நுரை வாய்க்குள் போகும்.

வலது கன்னம் முடிந்தது. இடது பக்கத்துக்குத் திரும்பிக் கத்தியை ஒரு தடவை வாரில் இழுத்துவிட்டு நிமிர்ந்தார். கண்ணாடிக்குள் கதவு படாரென்று திறந்தது. மைத்துனன். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"மாமா! சிக்கலாயிடுச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். ரத்தம் வேணும்னு சொல்றாங்க. என்னுது சேரலை. உங்களுது சேரும்னு டாக்டர் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. மாமா, வாங்க!"

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். ஆனாலும் கால் நகரவில்லை. முகத்தில் கத்தி வைத்தால் முடித்துவிட்டுத்தான் நிமிர வேண்டும், கூரையே பற்றி எரிந்தாலும் அரை முகத்தோடு ஆளை விடக் கூடாது. அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் இருந்த சட்டம் அது. பயத்தில் புத்தி எதையாவது பிடித்துக்கொள்ளும், இல்லையா? அவருடைய புத்தி அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

"இதோ... ரெண்டே நிமிஷம். இந்தப் பக்கத்தை மட்டும் முடிச்சுட்டு வந்துடறேன்" என்று குனிந்தார்.

ஓவியர் அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். கத்தி காதுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது.

"என்ன மனுஷன்யா நீங்க! என் மூஞ்சி எங்கயும் ஓடிப் போயிடாது. நீங்க ஓடுங்க!" என்று கத்தியை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டார். "கடையை நான் பாத்துக்கறேன். போங்கன்னா போங்க!"

அவர் ஓடினார். தோளில் துண்டு, கையெல்லாம் நுரை. ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்கள் இவருக்குத்தான் வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

ரத்தம் கொடுத்தார். ஆபரேஷன் நடந்தது. ராத்திரி வரைக்கும் இழுபறி, அதற்குப் பிறகு தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. மறுநாள் காலை டாக்டர் அவர் தோளைத் தட்டி, "சரியான சமயத்துல வந்தீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் தள்ளிப் போயிருந்தா நான் எதுவும் சொல்லியிருக்க முடியாது" என்றார். பொதுவாக டாக்டர்கள் சொல்கிற பேச்சுதான். ஆனால் கடையில் இவர் கேட்ட அதே இரண்டு நிமிஷம்.

அன்று மத்தியானம் ஓவியரைத் தேடித்தான் கடைக்கு ஓடி வந்தார். காலில் விழுவதா, கட்டிப் பிடிப்பதா என்று வழியெல்லாம் யோசனை. கடை பூட்டியிருந்தது. சாவி அடுத்த கடைக்காரரிடம் இருந்தது. அவரும் சவரத் தொழிலாளிதான். திறந்து பார்த்தால் தரை பெருக்கியிருந்தது. கிண்ணம், கத்தி, பிரஷ் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக இருந்தன. துண்டு துவைத்துக் காயப்போட்டிருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தார்யா மனுஷன்" என்றார் அடுத்த கடைக்காரர். "கண்ணாடியைப் பாப்பார், ஒரு அட்டையில கிறுக்குவார், மறுபடியும் பாப்பார். ரயிலுக்கு நேரமாச்சுன்னு கடைசில எழுந்து போனார். அறையைக் காலி பண்ற நாளாம். அக்கா வீட்டுக்குப் போறாராம்."

"அரை மூஞ்சியோடயா போனார்? நீங்க முடிச்சு விட்டிருக்கக் கூடாதா?"

"நீ கத்தி வெச்ச முகத்துல நான் எப்படிய்யா கை வைப்பேன்? தொழில்ல ஒரு மரியாதை வேணாமா?" என்றவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பாவம்யா. நேத்து அவருக்கு ஒரு வேலைக்கு நேர்முகம் இருந்துச்சாம். நிரந்தர வேலை. அது கெடச்சா இங்கயே இருந்திருப்பார். இந்த மூஞ்சியோட எப்படிப் போறதுன்னு போகலை" என்றார்.

அவர் கிழிந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். எதிர்க்கண்ணாடியில் அவர் முகம் இரண்டு நாள் தாடியோடு இருந்தது. இவர் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்று தன் பிழைப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒருவர் ரயில் ஏறிவிட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல முகவரிகூட இல்லை. அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை மற்றவர்கள் வாழ்க்கை மாதிரிதான் போனது. காலையில் கடை, மத்தியானம் பெஞ்சில் ஒரு குட்டித் தூக்கம், சாயங்காலம் அரசியல் பேசுகிறவர்களின் கழுத்தில் கத்தி. ஒன்றே ஒன்று மட்டும் வித்தியாசம். மகளின் பிறந்தநாள் வந்தால் முதல் ஆளாக யாரையும் உட்கார வைக்க மாட்டார். கத்தியைத் தீட்டி, கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, புதுத் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெந்நீர் ஆறும் வரைக்கும் நிற்பார். ஆறின பிறகு, "சரி, வாங்க" என்று பெஞ்சில் இருப்பவரைக் கூப்பிடுவார்.

"அவர் இந்நேரம் வேற எங்கயாவது முடிச்சிருப்பார். அரை மூஞ்சியோடயே குடும்பம் நடத்திட்டிருப்பாரா?" என்பாள் மனைவி.

"முடிச்சிருப்பார். நான் முடிக்கலையே" என்பார் அவர்.

மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் பாடப் புத்தகத்தைக் கடைக்கு எடுத்து வந்தாள். உலகப் புகழ்பெற்ற ஓவியம் என்று அதில் ஒரு படம் இருந்தது. பெயர் 'பாதி முகம்'. ஒரு மனிதர் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறார். ஒரு கன்னம் வழித்திருக்கிறது, மறு கன்னத்தில் நுரை காய்ந்து வெடித்திருக்கிறது. கீழே பழுப்புத் திட்டு. ஓரத்தில் தோல் வார். கைப்பிடியில் பஞ்சு. பின்னால் கதவு ஒன்று திறந்து கிடக்கிறது, வெளிச்சம் உள்ளே விழுகிறது. அந்த மனிதரின் கண் தன் முகத்தைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்க்கிறது.

"மனித மனத்தின் இரண்டு பக்கங்களை இந்த ஓவியம் காட்டுகிறது" என்று மகள் சத்தமாகப் படித்தாள்.

அவர் படத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "அடேயப்பா, பொழச்சுட்டாருடி! நல்லாயிட்டாருடி!" என்று பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்று தெரு முழுக்க அந்தப் புத்தகத்தைக் காட்டினார். நம்பினவர்கள் கொஞ்சம் பேர். 'அரைச்சவரம்' என்ற பெயர் நிலைத்தது அன்றிலிருந்துதான்.

அந்தச் சந்தோஷம் ஒரு பத்திரிகைப் புகைப்படம் வரும் வரைக்கும்தான். வேறு நாட்டில் வசிக்கிற ஓவியரின் படம். மார்பு வரைக்கும் தாடி. அந்தத் தாடி அவருடைய ஓவியம் அளவுக்கே பிரபலமாம். 'பாதி முகம்' வரைந்த நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் கத்தியே பட்டதில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அவர் பத்திரிகையை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனார். பிறகு மனைவியிடம், "என் மேல இருக்கற கோவம்டி அது. என்னால வேலை போச்சு, ஊர் போச்சு. சவரக்காரன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு விட்டுட்டார்" என்றார்.

"தாடி வளத்தவன் எல்லாம் உங்களை நெனச்சா வளத்தான்?" என்று அவள் அடக்கப் பார்த்தாள். அவர் மனசு கேட்கவில்லை. ஆனாலும் பிறந்தநாள் தோறும் துண்டு போடுவதை நிறுத்தவில்லை. கோபக்காரருக்கும் பாக்கி பாக்கிதானே.

மகள் வளர்ந்தாள், பஸ் ஓட்டுகிற வேலைக்குப் போனாள். அவருக்குத் தலை நரைத்தது. அப்புறம் ஒருநாள் அந்த ஓவியமே அவர்கள் ஊர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஓவியரும் வருகிறார் என்று சுவரெல்லாம் போஸ்டர்.

"போய்ப் பாத்து ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேன்" என்றார். புதுத் துண்டு, பிரஷ், சோப்பு, படிகாரம் எல்லாம் பைக்குள் போனது.

"அப்பா, கத்தியெல்லாம் அங்க விட மாட்டாங்க" என்றாள் மகள்.

"அது தெரியாதா எனக்கு?" என்றார். தெரியும்தான். தெரிந்துதான் கத்தியைத் துண்டுக்குள் சுருட்டி வைத்தார். கத்தி இல்லாமல் ஒரு முகத்தின் முன்னால் போய் நிற்பதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அருங்காட்சியக வாசலில் இயந்திரம் அலறியது. காவலாளி துண்டைப் பிரித்தார். உள்ளே விலைமதிப்பில்லாத ஓவியம், வாசலில் ஒரு கிழவர் கையில் தீட்டின கத்தி. அப்புறம் கேட்க வேண்டுமா? நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவரையும் கூட வந்த மனைவி, மகளையும் சேர்த்து மூன்று பேரையும் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். அதிகாரி வந்தார்.

"எதுக்கு இந்தக் கத்தி?"

"சவரம் பண்ணங்க."

"யாருக்கு?"

அவர் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைக் காட்டினார். "அவருக்குத்தான். ஒரு பக்கம் பண்ணிட்டேன். இன்னொரு பக்கம் பாக்கி."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். மனைவி குறுக்கே புகுந்தாள். "ஐயா, இவர் சொல்றது நெசம். படத்தைக் கிழிக்கற அளவுக்கெல்லாம் இவருக்கு சாமர்த்தியம் பத்தாது. மேல இருக்கறவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. அவர் இல்லைன்னு சொல்லிட்டா எங்களை எங்க வேணா அனுப்புங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி தர மாட்டார் என்பார்கள். இந்தப் பூசாரி நல்லவர். வாக்கிடாக்கியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கீழ ஒரு பெரியவர் சவரக்கத்தியோட வந்திருக்கார். பாதி முடிச்சிருக்காராம், மீதி பாக்கியாம்."

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம். ஓவியர் தடுமாறி இறங்கி வந்தார். பின்னாலேயே, "மெதுவா, மெதுவா" என்று ஆட்கள். அறை வாசலில் நின்று அவரைப் பார்த்தார்.

அவர் எழுந்து கை கூப்பினார். "மன்னிச்சுடுங்க சார். என்னால உங்க வேலை போச்சு. நீங்க கோவமா இருக்கறது நியாயம்தான்."

"வேலையா?" என்றார் ஓவியர், அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோனவர் மாதிரி. "வேலை கெடக்குது. அன்னைக்கு... உங்க வீட்ல..."

மனைவி எழுந்தாள். "நான்தாங்க அது. நல்லாத்தான் இருக்கேன். முட்டி வலி மட்டும்தான். நீங்க இவரை விரட்டி விடலைன்னா அதுகூட இருந்திருக்காது." மகளை முன்னால் தள்ளினாள். "அன்னைக்குப் பொறந்தவ இவதான். பஸ் ஓட்டறா."

ஓவியர் மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் சரிந்தார். பச்சைப்பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதார். அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"அன்னைக்கு முழுக்கக் கண்ணாடியில கதவையே பாத்துட்டு இருந்தேன்" என்றார் ஓவியர், மூச்சு வந்ததும். "இப்போ வருவீங்க, இப்போ வருவீங்கன்னு. கை சும்மா இருக்க முடியாம வரைஞ்சேன். நீங்க வரலை. அப்புறமா யார்கிட்டயாவது விசாரிச்சிருக்கலாம். பயம். கேட்டா கெட்ட சேதி வந்துடுமோன்னு பயம். கேக்காத வரைக்கும் ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்கன்னு நெனச்சுக்கலாம் இல்லையா?"

"அப்போ இந்தத் தாடி?" என்று கேட்டேவிட்டார் அவர்.

"உங்க அடுத்த கடைக்காரர்தான் சொன்னார். ஒருத்தர் தொடங்கின முகத்துல வேற கத்தி பட்டா, தொடங்கினவர் வீட்டுக்கு ஆகாதுன்னார். உங்க வீட்ல அந்த நேரத்துல ஒரு உயிர் ஊசலாடிட்டு இருக்கு. நான் எப்படிக் கத்தி வைப்பேன்? அதுக்கப்புறமும் தைரியம் வரலை. நீங்களே வந்து முடிக்கணும்னு விட்டுட்டேன்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அடுத்தவர் தொடங்கிய முகத்தைத் தொடக் கூடாது என்பது தொழில் மரியாதை, அது வாஸ்தவம். வீட்டுக்கு ஆகாது என்பதெல்லாம் எந்தக் கடையிலும் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் வந்த வேலையைத் தட்டிக்கழிக்க அந்தப் புண்ணியவான் அவிழ்த்துவிட்ட கதை. ஆள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இருந்திருந்தால் முதுகில் நாலு போட்டிருக்கலாம். கோபம் என்று இத்தனை காலம் பயந்த தாடி, தன் வீட்டுக்காக ஒரு மனிதர் முகத்தில் சுமந்த வேண்டுதல். மனைவி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் அவள் கையை அழுத்தினார். அவளும் புரிந்துகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்ல வந்ததை விழுங்கினாள்.

"வாங்க சார், கடைக்குப் போகலாம்" என்றார் அவர்.

உலகப் புகழ்பெற்ற தாடியை எடுக்கக் கூடாது என்று கூட வந்தவர்கள் கெஞ்சினார்கள். ஓவியர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மகள் அவரைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினாள். ஓட்டுநர் ஊர்ந்து போகிற வேகத்தைப் பார்த்து வழியெல்லாம் அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

கடைக்குள் வந்ததும் ஓவியர் கிழிந்த கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பஞ்சு அப்படியே இருந்தது. உட்கார்ந்தார். அவர் ஓவியரின் கழுத்தைச் சுற்றிப் புதுத் துண்டைக் கட்டி, தாடியைக் கத்தரித்து, வெந்நீரில் பிரஷை நனைத்து, பாக்கி இருந்த இடது கன்னத்துக்கு முதலில் நுரை போட்டார். மனைவி பெஞ்சில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் தெருவே கூடி எட்டிப் பார்த்தது. கண்ணாடிக்குள் ஓவியரின் கண் மட்டும் பழையபடி கதவிலேயே இருந்தது.

அவர் கத்தியை வாரில் இழுத்தார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. குனிந்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் ஓவியர். மகளைப் பார்த்து, "அந்தக் கதவைச் சாத்திடும்மா" என்றார்.

"கூட்டம் தொந்தரவா இருக்கா சார்?"

"இல்லம்மா. வர வேண்டியவங்க வந்தாச்சு."

மகள் கதவைச் சாத்தினாள். ஓவியர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அந்த இடது கன்னத்தில் கத்தியை வைத்தார்.